அயர்லாந்தில் ஒன்றுமில்லை

"அயர்லாந்துல படிச்சு என்னத்தைக் கண்டே, சொல்லு கண்ணு" என்று கேட்டார் நாச்சிமுத்து மாமா.

படிப்பை முடித்துவிட்டு முந்தாநாள்தான் குன்னூர் திரும்பியிருந்தான் சஞ்சய். அவனைப் பார்க்க வந்த சொந்தபந்தத்தால் கூடம் நிறைந்திருந்தது.

"மழையைக் கண்டேனுங்க மாமா. அது இங்கேயே பெய்யுது."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா ஏகநாதன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இவன் படிப்புக்காகத் தேயிலைத் தோட்டத்தில் பாதியை விற்றவர் அவர். மீதிப் பாதி இப்போது இருந்தும் இல்லாத மாதிரிதான். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை, பறிக்கிற கூலிக்கே பத்துவதில்லை.

"அங்கே வாத்தியாருங்க எல்லாம் பெரிய ஆளுங்களாமே?" மாமா விடவில்லை.

"புஸ்தகத்துல இருக்கறதைத்தான் சொல்றாங்க. அதே புஸ்தகம் கோயமுத்தூர்லயும் கிடைக்குதுங்க."

"சாப்பாடு எப்படி?" என்றாள் ஓர் அத்தை.

"உருளைக்கிழங்குங்க அத்தை. நம்ம ஊர்க் கிழங்கு ருசி வராது."

"சிநேகிதம்?"

"பொழுது விழுந்தா அவனவன் கதவைச் சாத்திக்குவானுங்க."

தட்டில் வர்க்கி பிஸ்கட் கொண்டுவந்த தங்கை மோனிகா சிரித்துவிட்டாள். "இதுக்காண்ணா ப்ளேன் ஏறிப் போனே?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

மாமா எழுந்து செருப்பை மாட்டினார்.

"பையனைப் படிக்க வெச்சீங்க மாப்பிள்ளை. நன்றியைக் கத்துக் குடுக்காம விட்டுட்டீங்க."

அவர் கிளம்பியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஏகநாதன் வெளியே போய்ப் பனிமூட்டத்தில் நின்றார்.

அம்மா புஷ்பவல்லி மகனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அப்பா மூஞ்சியைப் பாத்தியாடா?"

"பாத்தேம்மா."

"நெசமாவே அங்கே ஒண்ணுமில்லையா? வாரா வாரம் போன்ல அத்தனை சந்தோசமாப் பேசினியே!"

சஞ்சய் குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாமே இருந்துச்சும்மா. வாத்தியாரையே மறுத்துப் பேசலாம்னு அங்கே போய்த்தான் தெரிஞ்சுது. தெரியாத ஊர்ல தனியா நிக்கற தைரியம் வந்துச்சு. இதுவரைக்கும் என் வாழ்க்கையில நல்ல காலம்னா அதுதான். அப்பாகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"அதை அத்தனை பேர் முன்னாடி சொல்றதுக்கு என்னடா?"

கூடத்தில் மோனிகா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் படிச்ச அதே காலேஜ்ல அவளுக்கும் இடம் கெடைச்சுதும்மா. தேயிலை விலை விழுந்ததுல உங்களால அனுப்ப முடியல. நாளைக்குக் கோயமுத்தூர்ல சேர்றதுக்கு பஸ் ஏறப் போறா. அவளை முன்னால வெச்சுக்கிட்டு அந்த ஊரோட அருமையை நான் எப்படிம்மா சொல்றது?"