அளவு தப்பிய கை

"இந்த மாசமும் முப்பது ஷாப்ட்டு திரும்பி வந்துடுச்சு சடையா. பம்புசெட்டுல லூசா ஆடுதாம். எவ்ளோ இரும்பு வேஸ்ட்டு பாரு," என்றார் பட்டறை முதலாளி சின்னசாமி.

இரும்பு கடையும் லேத்தில் நின்ற சடையன் தலைகுனிந்தார். "அளவு கேஜுல நுழையற வரைக்கும்தாங்க கடையறேன். அதுக்கு மேல ஒரு இழை எடுக்கறதில்ல."

"அப்போ கேஜா தப்பு பண்ணுது? ஆயுத பூஜை வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. உன் கை போச்சு சடையா. நாளையிலேர்ந்து வராத."

இருபது வருடம் அங்கே கடைந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஆயுத பூஜையிலிருந்து வாராவாரம் செய்வது போலவே அந்த வெள்ளிக்கிழமையும் சின்னசாமி லேத்துக்கும், அளவு பார்க்கும் கேஜுக்கும் சந்தனம் வைத்தார். புது ஆள் தருமன் வந்தும் ஷாப்ட்டுகள் திரும்பி வந்தன. சின்னசாமி கிரிவலம் போனார். சந்தனத்தை இன்னும் கனமாக வைத்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தருமன் கேஜை மண்ணெண்ணெயில் கழுவினான். கவை போன்ற அதன் வாயின் உட்புறத்திலிருந்து காய்ந்த சந்தனம் பட்டையாக உரிந்து விழுந்தது. திரும்பி வந்த ஷாப்ட் ஒன்றை நுழைத்துப் பார்த்தான். லொடலொடவென்று ஆடியது.

"சந்தனத்துல வாய் குறுகிப் போயிருக்குதுங்க மொதலாளி. அதுல நுழையணும்னு ஷாப்ட்ட ஒல்லியா கடைஞ்சுட்டோம்."

சின்னசாமி அப்போதே சடையனின் ஊரான கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினார்.

"கோளாறு கேஜுலதான் சடையா. உன் கைல ஒண்ணும் இல்ல. நாளைக்கே வந்துடு."

சடையன் தோளில் தொங்கிய துண்டை இடது கையால் விலக்கினார். வலது மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது.

அவர் மனைவி பாஞ்சாலைதான் பேசினாள்.

"கல் குவாரிக்கு வெடி வைக்கப் போனாருங்க. நீங்க சொன்ன மாதிரியே கை போச்சு."