டயப்பரில் ஒரு புழு

குழந்தையின் டயப்பரில் நெளிந்த புழுவைச் சின்ன பாட்டிலில் போட்டுக்கொண்டு, அடித்துப் பிடித்துப் பரிசோதனைக்கூடத்துக்கு ஓடி வந்திருந்தான் தகப்பன்.

“ரெண்டு வயசுதான் மேடம் ஆகுது. வயித்துக்குள்ள இன்னும் எத்தனை இருக்கோ!”

மைக்ராஸ்கோப்பில் குனிந்த பரிசோதகர் நிமிரவேயில்லை.

“டயப்பர் பாக்கெட்டை எங்க வைக்கிறீங்க?” என்று கேட்டார்.

“சமையலறை அலமாரியில. ஏன் மேடம்?”

“பக்கத்துல மாவு டப்பா இருக்கா?”

“இருக்கு...”

அவர் சிரித்துவிட்டார். “நீங்களே வந்து பாருங்க. தலைக்குக் கிட்ட மூணு ஜோடி கால் தெரியுதா? குடல் புழுவுக்குக் காலே கிடையாது. இது பூச்சி இனம், மாவு வண்டோட இளம்புழு. மாவுலேருந்து ஊர்ந்து வந்து டயப்பருக்குள்ள புகுந்திருக்கு. குழந்தை வயித்துலேருந்து வரல.”

போன உயிர் திரும்பி வந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டான்.

“குழந்தைக்கு ஒண்ணுமில்லடி! புழு நம்ம மாவுலதான். முதல்ல அதைக் குப்பையில கொட்டு!”

மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

“எதைக் கொட்டுறது? இருந்த மாவு மொத்தத்தையும் காலையில உங்களுக்குத்தானே சப்பாத்தியா சுட்டுப் போட்டேன்!”

வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

“நான்தானே தின்னேன்? போயிட்டுப் போகுது, விடு!” என்று வாய்விட்டுச் சிரித்தான்.