சாப்பாட்டு நேரத்துக் காந்தாரம்

ஜ்வாலாமாலினி தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறாள். எதிரே பழைய டேப் ரெக்கார்டரில் யாரோ ஒரு அமெரிக்கக் கிராமத்துக்காரர் பிடில் இழைக்கிறார். ஐந்தே சுரங்கள், அவள் சிறுவயதில் பாடம் செய்த சுத்த தன்யாசிதான். ஞாயிற்றுக்கிழமை போளூர் கல்யாணக் கச்சேரியில், பாட்டுக்கு நடுவே, இந்த ஐந்தை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் தோன்றுவதைத் தனியாக வாசிக்க வேண்டும். ஆனால் காந்தார சுரத்தைத் தொட்டதும், கர்நாடக சங்கீதப் பழக்கத்தில் விரல் தானாக அசைகிறது. "ஆட்டிகினே இருக்கீங்கக்கா," என்கிறான் குழுவின் கிதார்காரன் பரசுராமன். "அவரு கீழருந்து இழுத்து, அப்படியே வுட்டுடறாரு." பக்கத்து வீட்டு விசைத்தறிகள் சாப்பாட்டுக்காக நிற்கின்றன. மங்கிக்கிடந்த பல்பு பளிச்சென்று எரிகிறது. வோல்டேஜ் கூடியதில் டேப் வேகம் பிடிக்க, அமெரிக்கரின் சுருதி ஏறுகிறது. அவள் வில்லை நிறுத்தவில்லை. காந்தாரத்தில் இருந்த விரல், நகர்ந்துவிட்ட பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல், தந்தியில் வழுக்கிக்கொண்டு போய்ப் பாதியில் நிற்கிறது. ஆடவில்லை. கிதாரைத் தடவிக்கொண்டிருந்த பரசுராமனின் கையும் நின்றுவிடுகிறது. "அதாங்க்கா! இன்னொரு வாட்டி!" மறுபடி வாசிக்கிறாள். விரல் பழையபடி ஆடுகிறது. டேப்பைப் பின்னால் ஓட்டிவிட்டு, வில்லை மடியில் வைத்துக்கொண்டு பல்பையே பார்க்கிறாள். "இரு பரசு. அவங்க சாப்ட்டு வந்து தறிய ஓட்டி, மறுபடியும் நிறுத்தட்டும்."

"ஞாயித்துக்கெழம போளூர் மண்டபத்துல யாருக்கா தறி ஓட்டுவாங்க?"