மேஜைக்கு அடியில் இருபது

"தோத்தா தோத்ததுதான். நிஸ்ஸே பட்டினி கிடக்கட்டும்" என்றார் கிரெஸ்டன்.

ரிக்கேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பகடைக் கதை விளையாட்டு. கதை சொல்பவர் கிரெஸ்டன். கதைக்குள் புகுந்து சாகசம் செய்வது பிள்ளைகள். பூதத்தை ஏமாற்றினார்களா, ஆற்றைத் தாண்டினார்களா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் ஜெயம். அதற்குத் திட்டம் போடத்தான் பெற்றோர் சார்பில் இருவரும் பள்ளிச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கதை இதுதான். பரணில் குடியிருக்கும் குள்ளன் நிஸ்ஸேயின் அரிசிப் பாயசத்திலிருந்த பாதாமைப் பூதம் திருடிவிட்டது. பாதாம் இல்லாமல் அவன் பாயசத்தைத் தொட மாட்டான். பிள்ளைகள் மீட்டு வர வேண்டும்.

"ஆறேழு வயசுப் பிள்ளைங்க, கிரெஸ்டன். கடைசியில எப்படியும் ஜெயிக்கிற மாதிரி எழுதுங்களேன்."

"அப்போ பகடை எதுக்கு? ஷோகேஸ் பொம்மை மாதிரி வெச்சு அழகு பார்க்கவா? பகடை பொய் சொல்லாதுங்க."

"போன வருஷம் பாலர் வகுப்புல எங்க பொண்ணு டாக்னி உருட்டினதுல மூணு விழுந்து, நிஸ்ஸே பட்டினி கிடந்தான். மூணு நாள் சோறு இறங்கலை அவளுக்கு. இந்த வருஷம் வரவே மாட்டேங்கிறா."

"வரச் சொல்லுங்க. வகுப்புல சின்னவ அவதான். கடைசி உருட்டல் அவளுக்குத்தான். சட்டம்."

சட்டம்! இந்த மனுஷனுக்கு வேறு வார்த்தையே தெரியாது. கார் ஓட்டும் தேர்வில் ஊரில் பாதிப் பேரை ஃபெயில் ஆக்கிய அதிகாரி. ரிக்கேவையே இரண்டு முறை. முதல் முறை, வளைவில் சைக்கிள் வருகிறதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை பார்த்தாள். "லேட்டாப் பார்த்தீங்க" என்று மறுபடியும் ஃபெயில் போட்டுவிட்டார்.

ஆட்டத்தன்று கெஞ்சிக் கூத்தாடித்தான் டாக்னியை அழைத்து வந்தாள் ரிக்கே. இன்றும் அழுதால் இனி இந்தப் பிள்ளை எந்தக் கூட்டத்திலும் ஒட்டாது என்று பயந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் இருவருக்கு மேஜை மேல் நாலு, ஐந்துதான் விழுந்தது. வால்டமார் உருட்டிய பகடை மேஜையைத் தாண்டிக் கீழே ஓடியது.

"யாரும் தொடாதீங்க! கீழ விழுந்ததை நான்தான் படிப்பேன். சட்டம்!" என்று முழங்காலிட்டுத் தவழ்ந்து போனார் கிரெஸ்டன். "பதினெட்டு!" என்று குரல் வந்தது.

ஆற்றைத் தாண்டியாயிற்று. அப்புறம் பிள்ளைகளின் கைக்கு என்ன வந்ததோ, பகடை மேஜையில் நிற்கவே இல்லை. அலமாரிக்கு அடியில் ஒரு தடவை, ஹீட்டருக்குப் பின்னால் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் தவழ்ந்துபோய்ப் பெரிய எண்ணாகவே படித்தது கிரெஸ்டன்தான். முழங்கால் இரண்டும் ஒரே தூசி.

'இந்த ஆள் ஏதோ தில்லுமுல்லு பண்றார்' என்று ரிக்கேவுக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் கவிழ்க்கத்தான் இப்படி ஏற்றிவிடுகிறாரோ?

டாக்னியின் முறை. பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் பாதாம் நிஸ்ஸேக்கு. இல்லையென்றால் பூதத்துக்கு.

டாக்னி கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி எறிந்தாள். பகடை எகிறிப் போய் மேஜைக்கு அடியில் விழுந்தது.

கிரெஸ்டன் குனிந்தார். இந்த முறை ரிக்கேவும் மறுபக்கமிருந்து குனிந்தாள்.

மூன்று.

மேஜைக்கு அடியில் இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில். கிரெஸ்டனின் காது சிவந்துபோயிற்று. பிடிபட்ட திருடனுக்குக் கூட அப்படிச் சிவக்காது.

"கண்ணாடி போடலை" என்றார் கிசுகிசுப்பாக. "எனக்கு இருபதுன்னு தெரியுது. உங்களுக்கு?"

ரிக்கே பகடையைப் பொத்தி எடுத்தாள். "எனக்கும் இருபதுதான்."

"இருபது!" மேஜையே அதிரும்படி கத்தினார் கிரெஸ்டன்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்தாள். டாக்னியை எல்லாரும் தூக்கிச் சுற்றினார்கள். பிறகு செர்ரி சாறு ஊற்றிய பாயசம் வந்தது, ஒரே ஒரு முழுப் பாதாமோடு. அந்தப் பாதாம் யாருக்கு அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. லிஸ்பெத் என்ற பெண்ணுக்குக் கிடைத்தது. வழக்கப்படி, சட்டி காலியாகும்வரை கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்பாவி போல உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிளின் முன்னால் பிள்ளைகள் உட்காரும் பெட்டியில் டாக்னி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ரிக்கேவுக்கு மனசு நிறைந்திருந்தது. அந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"பார்த்தியாடி, இன்னிக்கு உன் அதிர்ஷ்டத்தை?"

"அதிர்ஷ்டமா?" டாக்னி திரும்பிப் பார்த்தாள். "மேஜை மேல போட்டா நாலு, அஞ்சுன்னு வரும்மா. கீழ விழுந்தா எப்பவும் பெரிய நம்பர்தான். வால்டமார்தான் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் சொன்னான். அதான் ஓங்கிப் போட்டேன்."

ரிக்கேவின் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது.

"அடிப்பாவி! உங்களுக்கு இது தெரியும்னு கிரெஸ்டனுக்குத் தெரியுமா?"

"ஐயோ, அவர்கிட்டச் சொல்லிடாதம்மா! ரொம்பக் கண்டிப்பான ஆளுன்னு தன்னைப் பத்தி நினைச்சுக்கிட்டிருக்காரு, பாவம். பாதாம் கிடைச்சாலும் உடனே காட்டக் கூடாது, மத்தவங்க சந்தோஷமா சாப்பிட்டு முடிக்கட்டும்னு நீதானே சொல்லிக்குடுத்தே?"