நாலு மணிக்குள்ள

"எடுடி அந்த எலுமிச்சம்பழத்த! சர்வர் தலையில சூடம் கொளுத்தினா ஸ்பீடு வருமா?"

எழிலரசி போட்ட சத்தத்தில் கன்னியம்மாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "வேற இன்னாக்கா பண்றது? யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு!"

கண்ணோ மண்ணோ, திரையில் 'மீதம் ஒன்பது மணி நேரம்' என்று காட்டியது. சுவரில் மணி இரண்டேகால்.

வெளிநாட்டுப் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும் கம்பெனி அது. வேங்கிக்காலில் ஒரு வாடகை மாடி. பதினெட்டுப் பெண்கள் மூன்று மாதம் முதுகொடியச் செய்த வேலை முழுக்க அந்தச் சர்வரில் கிடந்தது. அதை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப, கீழே டிரைவர் வேடியப்பன் வேனோடு நின்றார்.

"நாலு மணிக்குள்ள வேன் கெளம்பலன்னா ஆர்டர் கேன்சல். அப்புறம் கம்பெனியே இருக்காதும்மா" என்று காலையிலேயே குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார் முதலாளி உமாமகேஸ்வரன்.

கம்பெனி போனாலும் எழிலரசி பிழைத்துக்கொள்வாள், கம்ப்யூட்டர் படித்தவள். ஆனால் அந்தப் பதினெட்டில் ஏழு பேர் அவள் ஊர், கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள். கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர்களை, "என்ன நம்பி அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தவள் அவள்தான். நாளைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பாள்?

ஒயரை மாற்றினாள். வேறு ஓட்டையில் செருகினாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றுக்கும் மசியவில்லை பாழாய்ப்போன பெட்டி. முதலாளி அறைக்கு ஓடினாள்.

"சார், சர்வர ஒருவாட்டி ஆஃப் பண்ணிட்டுப் போடட்டுமா?"

"வேணாம், வேணாம்! அதுல மட்டும் கை வெக்காத!" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஜாஸ்தி பதறாதம்மா. அண்ணாமலையார் இருக்கார்" என்றார்.

அவளும் வழக்கம்போலக் கும்பிடத் திரும்பினாள். சுவரில் ஆணிதான் இருந்தது.

"சாமி படம் எங்க சார்?"

"ஃப்ரேம் மாத்தக் குடுத்திருக்கேன்."

கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை அவர். அந்தப் படத்துக்குப் பூ வைக்காமல் ஒரு நாளும் மெஷினைத் தொட்டதில்லை. இன்றைக்கென்று பார்த்துச் சாமியும் இல்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மூன்று மணிக்கு வேடியப்பன் படியேறி வந்தார். "இன்னாம்மா, நான் வண்டிய எடுக்கறதா வேணாமா?"

"ஒரு மணி நேரம் பொறுங்கண்ணா, உங்க கால்ல வேணா விழறேன்." திரும்பி, "எல்லாரும் மெஷின ஆஃப் பண்ணுங்கடி!" என்று கத்தினாள்.

பதினெட்டுத் திரைகளும் அணைந்தன. அப்படியும் 'மீதம் நான்கு மணி நேரம்'. ஒயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். சர்வருக்கு ஒரு விளக்கு, அவள் மெஷினுக்கு ஒரு விளக்கு. இதுவரைக்கும் சரி. மூன்றாவதாக இன்னொன்று பேய் பிடித்தது மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தது!

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரேறி முதலாளியின் அறைக்குள் நுழைந்தது. பிடுங்கிவிடலாம் என்று கை பரபரத்தது. முதலாளி ஒயரை யார் பிடுங்குவது? ஒயரை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

மூன்றேகாலுக்கு அந்த விளக்கு தானாகவே ஓய்ந்தது. திரையைப் பார்த்தால், 'மீதம் முப்பது நிமிடம்'!

"அக்கா! எப்படிக்கா?" பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

"எனக்கென்னடி தெரியும், அண்ணாமலையாரு கண்ணத் தொறந்துட்டாரு!" எழிலரசி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், டிஸ்கைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்தபடி முதலாளி அறைக்குள் ஓடினாள்.

உமாமகேஸ்வரன் தோல்பையை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே இதேபோல இரண்டு டிஸ்க். அவர் திரையில் அத்தனை ஃபைலும் ஏறி முடிந்ததாகக் காட்டியது. காலையிலிருந்து சர்வரை உறிஞ்சியது யார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்களும் காப்பி எடுத்தீங்களா சார்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, உசுரே போயிடுச்சு." மூச்சு வாங்கச் சிரித்தாள். "பரவால்ல சார், சொன்ன டைமுக்கு முடிச்சுட்டோம். இனிமே கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நாளைக்கு ஓசூர்ல புது ஆளுங்கள வெச்சு ஆரம்பிக்கறோம்."

அவள் கையிலிருந்த டிஸ்கை வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் ஒரு சாவிக்கொத்தை வைத்தார்.

"போறப்ப இந்த மாடிச் சாவிய வீட்டு ஓனர்கிட்ட குடுத்துடு."