கடைசி ராக்கர்

செத்த இன்ஜினைக்கூட அதட்டி எழுப்பி உட்காரவைப்பவர் என்பதால், அந்த மெக்கானிக்குக்கு 'டாக்டர்' என்றே பெயர். பானெட்டுக்குள் எறும்பு இருமினாலும் வெளியே நின்றபடி சொல்லிவிடுவார்.

அன்று அவர் பிரித்துப் போட்டிருந்தது குடோன் முதலாளியின் பழைய ஜீப்பை.

"டாக்டரே, குடோன்ல செம்புக் கம்பி திருடு போயிட்டே இருக்கு. இந்த ஜீப் போடுற டக்டக் தெருமுனையிலயே கேட்டுடுது. நான் வர்றதுக்குள்ள திருட்டுப்பய சுவரேறி ஓடிடுறான். சத்தமே வரக்கூடாது. சிக்கினான்னா, முழுசா வீடு போய்ச் சேர மாட்டான்."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் உள்ளங்கையில் ஒரு கியர்பாக்ஸையே வைத்து மூடிவிடலாம்.

"வால்வைத் தூக்குற லிஃப்டர் எல்லாம் தேஞ்சிருக்கு, அதான் இந்த டக்டக்குண்ணே. புதுசு போட்டா வண்டி பூனை மாதிரி வரும்."

டாக்டர் புது லிஃப்டர்களை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்களை ஏற்றி நட்டுகளை முறுக்கினார். கடைசி ராக்கரின் நட்டை மட்டும் ஏனோ கொஞ்சம் தளர்வாகவே விட்டார்.

ஜீப் உறுமிக் கிளம்பியது. டக்... டக்...

"புதுசில்லையா, ஓட ஓட சத்தம் நின்னுடும்ணே."

முதலாளி ஒரு நொடி அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

மறுநாள் சாயங்காலம். குடோனின் இருட்டு மூலையில் நின்று டாக்டர் காதைத் தீட்டினார். டக்டக் எங்கும் கேட்கவில்லை. நிம்மதியாகச் செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கி ஒரு தோளில் போட்டுக்கொண்டார்.

மறு தோளில் ஒரு கை விழுந்தது.

"செத்த இன்ஜினையே எழுப்புற கையி, ஒரு டக்டக்கை ஏன் விட்டு வச்சுதுன்னு யோசிச்சேன் டாக்டரே," என்றார் முதலாளி. "அதான், ஜீப்பை வீட்டுலயே விட்டுட்டு நடந்து வந்தேன்."