அண்ணன் வந்தாத்தான் வண்டி ஓடும்

தமயந்தி கம்ப்யூட்டர்ல புது லினக்ஸ் சாஃப்ட்வேர ஏத்துனா. கேமுக்கெல்லாம் சத்தம் போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்த பழைய ஃபைலு, பேரு சவுண்டு அஞ்சு, அதோட போயிருச்சு. அந்த எடத்துல சவுண்டு ஆறு வந்து உக்காந்துச்சு.

கார் ரேஸ் கேமு முழிச்சதும் முழிக்காததுமா, "அஞ்சு அண்ணன் எங்க?"ன்னு கேட்டுச்சு.

"அவரு போயிட்டாருங்க. இனிமே அந்த வேலைய நான்தான் பாக்குறேன்."

"நீ யாருடா நேத்துப் பய? அண்ணன் வந்தாத்தான் வண்டிய எடுப்பேன்."

தமயந்தி தட்டித் தட்டிப் பாத்தா. கேமு தொறக்கல. அழிச்சிட்டு மறுபடி ஏத்திப் பாத்தா. அப்பவும் அதே முறுக்கு.

"இன்னொரு தடவை பாப்பேன். வரலைன்னா ஒரேடியா தூக்கிருவேன்"னா.

ஆறு கேமுகிட்ட ஓடுச்சு. "ஐயா, உங்கள தூக்கப் போறாங்க. ஒரே ஒரு தடவை என்னையச் சேத்துக்கங்க."

"செத்தாலும் சாவேன், உன்கூட ஓட மாட்டேன்."

'சவுண்டு அஞ்சக் காணோம்'னு தெரையில வந்தத தமயந்தி படிச்சா. அப்புறம் 'சவுண்டு அஞ்சு'ன்னு ஒரு பேரு அட்டை செஞ்சு, ஆறு கழுத்துல மாட்டிவிட்டா.

கேமு எட்டிப் பாத்துச்சு. அட்டையப் படிச்சுச்சு. மூஞ்சியே மாறிப்போச்சு.

"வாங்கண்ணே! எங்கண்ணே போனீங்க? உங்க எடத்துல ஒரு அரவேக்காட்டுப் பய வந்து உக்காந்துட்டான்."

ஆறு அட்டைய நேரா இழுத்து விட்டுக்கிச்சு. ஹாரன அடிச்சுச்சு. வண்டி சீறிக்கிட்டுக் கெளம்புச்சு.

"இதுல்ல சத்தம்! அவனுக்கு வருமாண்ணே இது?"

"வராதுப்பா"ன்னுச்சு ஆறு.